எதிர்ப்பக்கம் இல்லாத வீடு

வாசிப்பவரே, உங்களை நடுவராக அமர்த்த நான் வரவில்லை. சாட்சியாக நிற்க அழைக்கிறேன். நடுவருக்கு மணியடிக்கும் உரிமை உண்டு. சாட்சிக்கு அந்த வசதி கிடையாது, இறுதிவரை கேட்டாக வேண்டும். நான் சொல்லப்போகும் பெண்மணி, ஒருவர் பேச்சை இறுதிவரை கேட்காமல் எழுந்து போகிறவரை மன்னித்ததே இல்லை. அவரைப் பற்றிய பேச்சையும் அவ்வாறே கேட்பதுதான் முறை.

அவர் பெயர் எதற்கு? செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த தகரக் கொட்டகையும் அதை ஒட்டிய ஓட்டு வீடும் அவருடையவை. தெருவுக்கே அவர் அக்கா; எனக்கும் அக்கா. பகலில் தொலைபேசி நிலையத்தில் வயர் செருகி வெளியூர் ட்ரங்க் கால் இணைக்கும் வேலை. மாலையில் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டகையில் கணவருக்கு எதிரே ஒரு முக்காலியில் அமர்ந்துவிடுவார். பிள்ளைகள் இல்லை.

கணவர் சென்னையில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டியவர். எழுபதுகளின் நடுவில் ஊர் திரும்பி, லாரிகளையும், ஆசிரமத்துக்கு வந்த வெளிநாட்டாரின் வேன்களையும் பழுது பார்த்துவந்தார். மிச்ச நேரமெல்லாம் தம்முடைய பழைய ஃபியட் காரை வேகமாக்குவதில் கரைந்தது. அக்கா எஞ்சினைக் கற்றுக்கொண்டது அவருக்கு உதவுவதற்காக என்று தெருவார் நினைத்தார்கள். அவரை மறுப்பதற்காகவே கற்றார் என்பதை நான் அருகிருந்து அறிந்தேன்.

மறுப்பு என்றால் பிணக்கு என்று எண்ணிவிடாதீர்கள். எந்த முடிவும் அதன் எதிர்ப்பக்கம் பேசி முடிக்கும்வரை முடிவே ஆகாது என்பது அவருடைய உறுதி. காய்கறிக்காரர் தட்டைத் தூக்கிக் காட்டி, கத்திரிக்காய் பிஞ்சு என்று புகழ்வார். அக்கா பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்து, "நீங்க முத்தல்னு சொல்லுங்க, பாக்கலாம்" என்பார். அந்தப் பெண் திகைப்பார். "அட, சும்மா சொல்லுங்க. அவரு மட்டுமே பேசினா நான் எப்பிடி வாங்கறது?"

கல்லூரியில் நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது வேலூரில் நடந்த பேச்சுப் போட்டியில் சுழற்கேடயம் வென்று வந்தேன். தெரு முழுவதும் அதைத் தொட்டுப் பார்த்தது. நானும், மறைப்பானேன், பார்க்கட்டும் என்றே வாசலில் வைத்திருந்தேன். அக்கா தொடவில்லை.

"எதிர்ப்பக்கம் இன்னா பேசினாங்க?" என்றார்.

"அவங்க ஏதோ பேசினாங்க அக்கா. எடுபடல."

"இன்னா பேசினாங்கன்னு கேட்டேன்."

எனக்கு நினைவில்லை. அவர்கள் பேசியபோது நான் என் முடிவுரையை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதக்கூட கேக்காம ஜெயிச்சியா? அப்ப ஆளே இல்லாத மேடையிலயா ஜெயிச்ச?" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என்னைப் 'பேச்சாளரே' என்றே அழைத்தார். அதில் எத்தனை விழுக்காடு மரியாதை என்பதை என்னால் இன்றுவரை பிரித்தறிய இயலவில்லை.

அந்தக் கொட்டகையின் வாதங்கள் தெருமுனை வரை கேட்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், கணவன் மனைவிக்குள் பெருஞ்சண்டை என்று அஞ்சிச் சமாதானம் பேசப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"குடும்பம்னா கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அனுசரிச்சுப் போகணும்மா" என்றார் தாசில்தார், மிகுந்த கனிவோடு.

"வால்வு ஸ்பிரிங்க எப்பிடி சார் அனுசரிக்கறது?" என்றார் அக்கா. "ஒண்ணு கெட்டியா இருக்கணும், இல்ல மெத்துன்னு இருக்கணும். நீங்க எந்தப் பக்கம்?"

கணவர் கிரீஸ் படிந்த கையால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார். நம்ம பக்கம் பேச ஆளு கம்மியா கீது" என்றார். தாசில்தார் அதன்பின் அந்த வழியாகக் காலை நடை போவதையே நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் வாதத்துக்கு ஒரு நெறி இருந்தது. சர்ச்சைக்குரிய இரு பாகங்களையும் பலகையில் வைப்பார்கள். ஆளுக்கொரு பாகத்தின் பக்கம் அமர்வார்கள். மறுக்கும் முன் மற்றவர் சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டவர் "ஆமா, அதான் சொன்னேன்" என்ற பிறகே மறுப்பு தொடங்கலாம். தோற்றவர்தாம் தம் கையால் வென்றவரின் பாகத்தை எஞ்சினில் பொருத்த வேண்டும். நான் ஏறிய எந்த மேடையிலும் இத்தகைய கண்ணியத்தைக் கண்டதில்லை.

அவர்களுடைய பெரிய வாதம் எண்பதுகளில் வந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி ஒன்றின் பழுதான எஞ்சினிலிருந்து ஒரு டர்போ கிடைத்தது. வெளியேறும் புகையின் வேகத்தால் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி அது. சிறிய ஃபியட்டுக்கு மிகப் பெரியது. ஆனாலும் பொருத்தியே தீருவதென்று கணவர் இறங்கிவிட்டார். அதற்கு எந்த கேம்ஷாஃப்ட்டைப் போடுவது என்பதே கேள்வி.

எஞ்சினை ஓர் அறையாக எண்ணிக்கொள்ளுங்கள். காற்றும் பெட்ரோலும் நுழைய ஒரு கதவு. எரிந்த புகை வெளியேற ஒரு கதவு. அக்கதவுகள் எப்போது திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதை, முட்டை வடிவ மேடுகள் வரிசையாக அமைந்த ஓர் இரும்புத் தண்டு தீர்மானிக்கிறது. அதுதான் கேம்ஷாஃப்ட். கொட்டகையில் இரண்டு இருந்தன. பெரியது, கணவர் பந்தயத்துக்கெனக் கடைந்தது. மேடுகள் உயர்ந்து அகன்றவை, கதவுகளை நெடுநேரம் திறந்து வைக்கும். ஒரு கணம் இரண்டு கதவுகளுமே சேர்ந்து திறந்திருக்கும். சிறியதில் அந்தக் கணம் மிகக் குறைவு.

அக்கா சிறியதன் பக்கம். டர்போ சிரமப்பட்டுத் திணிக்கும் காற்று, இரண்டு கதவும் திறந்திருக்கும் கணத்தில் மறுபுறமாக ஓடிவிடும்; பெரிய டர்போ விழித்துக்கொள்ளவே நேரமாகும், பெரிய கேம்ஷாஃப்ட்டும் வேகம் பிடித்த பிறகே வேலை செய்யும். "ரெண்டு தூங்குமூஞ்சிய ஒரே வூட்ல வச்சா யாரு யார எழுப்பறது?" என்பார்.

கணவர் பெரியதன் பக்கம். உச்ச வேகத்துக்காகத்தான் டர்போ, அங்கே கதவுகள் அகலத் திறந்தே ஆக வேண்டும் என்பது அவர் முதல் வாதம். அதற்கு அக்காவிடம் விடை இருந்தது. இரண்டாவது வாதத்துக்கு இல்லை. அது பெட்ரோல் பற்றியது. அன்று நமக்குக் கிடைத்த மட்டமான பெட்ரோலை டர்போவின் அழுத்தத்தோடு மேலும் இறுக்கினால் அது நேரத்துக்கு முன்பே வெடிக்கும், சுத்தியால் அடிப்பதுபோல் எஞ்சின் தட்டும், பிஸ்டன் உடையும். பெரிய கேம்ஷாஃப்ட் நுழைவுக் கதவைத் தாமதமாக மூடுவதால் இறுக்கம் சற்றுத் தணியும். "தட்டுச்சின்னா இன்னா பண்ணுவ? சொல்லு!" என்று கேட்டு, சுருட்டைப் பற்றவைப்பார். அக்கா மறுநாள் புது வாதத்தோடு வருவார். கணவர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்பார்.

இவ்வாதம் முடியும் முன், ஒரு கோடைக் காலையில், கணவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். வலக்கையும் பேச்சும் போயின.

வாசிப்பவரே, அந்த வீட்டின் அமைதியை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தெருவார் பொல்லாதவர்கள் அல்லர். மாறி மாறி வந்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தார்கள். ஆனால் குழாயடியில் ஒரு பெண், "இப்பத்தான் ரோடே நிம்மதியா கீது, சத்தமே இல்ல" என்றபோது அக்கா பின்னால் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார். குடம் நிரம்பி வழிந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றார்.

எஞ்சின் திறந்த நிலையிலேயே ஒரு போர்வைக்கடியில் கிடந்தது. கேம்ஷாஃப்ட்டைப் போட்டு மூடிவிட்டால், மாற்றுவதற்கு மறுபடியும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஆகவே முடிவு தெரியாமல் மூட முடியாது. சிறியதைப் போடுங்கள், உங்களைத் தடுக்க யார் இருக்கிறார்கள் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"அதான் பேச்சாளரே தகராறு" என்றார். "தடுக்க யாரும் இல்ல."

மழைக்காலம் வந்தது. சிலிண்டர்ச் சுவரில் துரு படரத் தொடங்கியது. அக்கா தினமும் எண்ணெய் தடவித் துடைத்தார். கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம் கலைந்து ஊர் சற்று மூச்சுவிட்ட ஒரு மாலையில் என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழம அவரு பக்கம் நீ பேசணும்."

"எனக்கு எஞ்சினப் பத்தி ஒண்ணும் தெரியாதே அக்கா."

"கேடயம் வாங்கினப்ப மட்டும் எல்லாம் தெரிஞ்சா பேசின? நான் சொல்லித் தரேன்."

அந்த வாரம் முழுவதும், தம்மை வெல்வதற்கான வாதங்களை அவரே எனக்கு ஊட்டினார். ஒன்றைக்கூட மெலிதாக்கவில்லை. நான் சோர்வாகச் சொன்னால், "இன்னும் வேகமா. அவரு இப்பிடி கெஞ்ச மாட்டாரு" என்பார். ஒரு கட்டத்தில், "இங்க அவரு என்னத் திட்டுவாரு. 'எக்ஸ்சேஞ்சுல வயர சொருவற வேல இல்லடி இது'ன்னு. அதயும் சொல்லு" என்றார்.

"அத நான் எப்பிடி அக்கா சொல்றது?"

"'டி' வேணாம். மீதிய சொல்லு. அது இல்லாட்டி அவரு பேச்சாவே இருக்காது."

ஞாயிறு வந்தது. கணவரைக் கூடை நாற்காலியில் கொட்டகை வாசலில் அமர்த்தினோம். அவர் இடக்கையில் ஒரு ஸ்பேனர். பக்கத்தில் ஒரு தகர டின். ஒரு தட்டு ஆமாம், இரு தட்டு இல்லை. பலகையில் இரண்டு கேம்ஷாஃப்ட்டுகளும் எண்ணெய் மினுக்கோடு கிடந்தன. நான் பெரியதன் பக்கம் அமர்ந்தேன்.

நான் நன்றாகப் பேசினேன். பொய்யான பணிவு மேடைக்கு ஆகாது. உச்ச வேகத்தை எடுத்துரைத்தேன். அகலத் திறந்த கதவுகளைப் புகழ்ந்தேன். வயரைப் பற்றிய வசவையும் தவறாமல் சொன்னேன். அப்போது கணவரின் வாயின் இடது ஓரம் மட்டும் ஏறி இறங்கியது. "தட்டுச்சின்னா இன்னா பண்ணுவீங்க? சொல்லுங்க!" என்று முடித்தேன். அக்கா என் வாதங்களை நெறிப்படி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தே சொன்னார். ஒவ்வொன்றுக்கும் டின்னில் ஒரு தட்டு விழுந்தது. பிறகு மறுத்தார். பெட்ரோல் வாதத்துக்கு வந்தபோது குரல் தயங்கியது. அதற்கு இன்னமும் அவரிடம் விடை இல்லை.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்த கணத்தில், கணவர் ஸ்பேனரை மடியில் போட்டுவிட்டு இடக்கையை நீட்டினார். சிறிய கேம்ஷாஃப்ட்டைத் தொட்டு, பலகையின் மேல் அக்காவின் பக்கமாகத் தள்ளினார்.

அக்கா மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"எதுக்கு?" என்றார். "நான்தான் இன்னும் பதிலே சொல்லலியே. எதுக்குக் குடுக்கறீங்க?"

கணவர் மீண்டும் தள்ளினார்.

"என்னப் பாத்தா பாவமா கீதா? ஆக்கிப் போடறா, குளிப்பாட்டி வுடறா, போவட்டும்னு வுட்டுக் குடுக்கறீங்களா?" கொட்டகையில் அந்தக் கோடைக்குப் பிறகு முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. "எல்லாரும்தான் வுட்டுக் குடுக்கறாங்க. நீங்களுமா?"

கணவர் ஸ்பேனரை எடுத்தார். இரு தட்டுகள். இல்லை.

"பொய்!"

அவர் எழுந்தார். என்னை முக்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, பெரிய கேம்ஷாஃப்ட்டின் பக்கம் தாமே அமர்ந்தார். "சரி. உங்க பக்கம் இனிமே நான் பேசறேன். நீங்க மறுங்க." அப்புறம் அவர் பேசியதை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. தம் கணவரின் அத்தனை ஆண்டுக் கோபமும் பிடிவாதமும் அவர் தொண்டையில் இருந்தன. கணவர் டின்னை இரண்டிரண்டாக அடித்துக்கொண்டே இருந்தார். அக்கா விடவில்லை. "பெட்ரோல்! பெட்ரோலுக்கு பதில் சொல்லுங்க! தட்டுச்சின்னா இன்னா பண்ணுவீங்க?"

கணவர் ஸ்பேனரை உயர்த்திச் சுவரைக் காட்டினார். ஆணிகளில் பழைய பெல்ட்டுகளும் ஒரு சாக்குப் பையும் தொங்கின. மறுபடியும் காட்டினார். நான் போய்ச் சாக்கை எடுத்து உதறினேன். உள்ளிருந்து ஒரு செம்புத் தகடு விழுந்தது.

எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் கேஸ்கெட் அது. கடையில் வாங்கியதன்று, கையால் வெட்டி, அரத்தால் ராவியது. அக்கா அதை விரல்களுக்கிடையே வைத்துப் பார்த்தார். வழக்கமானதைப்போல் இருமடங்கு தடிமன். அத்தகைய தகடு தலையைச் சற்று உயர்த்தும், அறை பெரிதாகும், இறுக்கம் தணியும், எஞ்சின் தட்டாது. சிறிய கேம்ஷாஃப்ட்டைத் தயங்காமல் போடலாம். அவரை மடக்கிய கேள்விக்கான விடையை, கேள்வி கேட்டவரே செய்து வைத்திருந்தார்.

வலக்கை இருந்தபோது வெட்டியது என்பது எனக்கே விளங்கியது.

அக்கா தகட்டைச் சிறிய கேம்ஷாஃப்ட்டின் பக்கத்தில் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "அப்ப நெஜமாவே தோத்துட்டீங்களா?" என்றார்.

ஒரு தட்டு.

"கோடைக்கு முன்னாலயே?"

ஒரு தட்டு.

"அப்பறம் ஏன் சொல்லல? தினமும் அதே கேள்விய ஏன் கேட்டீங்க?"

அதற்கு ஒரு தட்டிலோ இரு தட்டிலோ அடங்கும் விடை இல்லை. கணவர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தனை மாதங்களாகத் தாம் தனியே உயிரோடு வைத்திருந்த வாதம் எப்போதோ முடிந்துபோனது என்பதை அக்கா அந்தப் பார்வையில் படித்தாரா, முடிக்க மனமில்லாமல் கணவர் அதை நீட்டினார் என்பதைப் படித்தாரா, நான் அறியேன்.

"தம்பி, நீ வூட்டுக்குப் போ" என்றார் என்னிடம். அன்று மட்டும்தான் என்னைத் தம்பி என்றார்.

கார் ஓடியதா என்று கேட்பீர்கள். ஓடியது. தோற்றவர் தம் கையால் பொருத்த வேண்டும் என்ற நெறிக்காக, கணவரின் இடக்கையைத் தம் கையால் பிடித்து, சிறிய கேம்ஷாஃப்ட்டை அக்கா உள்ளே செலுத்தினார். தை மாதத்தில் ஜவ்வாது மலைப் பாதையில் அவரைப் பக்கத்தில் அமர்த்தி ஓட்டிச் சென்றார், நான் பின்னிருக்கையில். வளைவுகளில் வேகம் குறைந்தபோதும் எஞ்சின் சோர்ந்துவிடவில்லை. ஏற்றத்தில் டர்போ விசிலடிக்கத் தொடங்கியதும், கணவர் இடக்கையால் கதவை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அக்கா சாலையிலிருந்து கண்ணெடுக்காமல், "கேட்டுச்சி, கேட்டுச்சி" என்றார். ஆனால் அதன்பின் கொட்டகையில் வாதம் எழவில்லை. பலகையில் எதிரெதிராக வைக்க ஏதும் மிச்சமில்லை. மறு ஆண்டு, மாசியில், கணவர் இறந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் நான் போனேன். அப்போது ஊரில் இரங்கற் கூட்டங்களுக்கு என்னை அழைப்பார்கள். ஆறுதல் உரை ஒன்று நாவில் ஆயத்தமாக இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த உறவினர்கள் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். அக்கா சுவரோரம் அமர்ந்திருந்தார்.

"கார வித்துடலாம்னு கீறேன்" என்றார் யாரையும் பாராமல்.

"ஆமாம்மா, அதான் சரி" என்றார் கணவரின் அண்ணன்.

"வேலய வுட்டுட்டு தங்கச்சி வூட்டோட போயிடலாமான்னு பாக்கறேன்."

"நல்லதும்மா. ஒத்தையில எதுக்குக் கஷ்டப்படணும்" என்றார் ஒரு சித்தி.

அக்கா சற்று நேரம் தலை குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் குரலில் ஒரு கூர்மை இருந்தது. எனக்கு அது பழக்கமான கூர்மை. "இல்ல. வேலய வுடல. இங்கயேதான் இருக்கப் போறேன். காரயும் விக்கல."

"அதுவும் நல்லதுதாம்மா" என்றார் அண்ணன். "உன் இஷ்டம்மா. நீ இன்னா சொன்னாலும் சரி" என்றார் சித்தி, அவர் கையைத் தடவியபடி. கூடமே அன்போடு தலையசைத்தது.

அக்கா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ட்ரங்க் கால் இணைப்பவர் மறுமுனையில் யாரும் எடுக்காதபோது காத்திருப்பது போன்ற பார்வை. இருபது பேர் நிறைந்த அந்தக் கூடத்தில் அவரைப்போல் தனித்த ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. கடைசியாக அவர் கண் என் மேல் வந்து நின்றது.

"நீ இன்னா சொல்ற, பேச்சாளரே?"

ஆயத்தமாயிருந்த உரை என்னைக் கைவிட்டது. துக்க வீட்டில் உரக்கப் பேசக் கூடாது என்பதை அறிந்தே, எழுந்து நின்று, கூடம் முழுவதும் கேட்க, நான் சொன்னேன்:

"நான் ஒத்துக்க மாட்டேன் அக்கா. நீங்க எந்தப் பக்கம்னு மொதல்ல சொல்லுங்க, அதுக்கு எதிர்ப்பக்கம் நான் பேசறேன். இந்த ஞாயித்துக்கிழம வரேன். அடுத்த ஞாயித்துக்கிழமயும் வரேன். நீங்க சொல்றது சரியாவே இருந்தாலும் சரி, உங்கள நான் சுலுவா ஜெயிக்க வுட மாட்டேன்."